இடவப்பாதிக்கும் துலா மழைக்கும் நடுவே

கன்னியாகுமரி மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலங்கள் உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்துப் படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒன்று கிழக்குக் கடற்கரைக் கணக்கு, மற்றது மேற்குக் கடற்கரைக் கணக்கு. சின்னமுட்டத்திலிருந்து குளச்சலுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒரே மாவட்டத்துக்குள் சட்டமே கடலை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

நிலத்திலும் இதே இரட்டைக் கணக்குதான். இந்த மாவட்டத்து நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு நெற்போகம். வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை இங்கே இடவப்பாதி என்பார்கள். கன்னிப்பூ அதை நம்பியது. ஐப்பசியில் இடியும் மின்னலுமாக வரும் வடகிழக்குப் பருவமழை துலா மழை. கும்பப்பூ அதை நம்பியது. தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் வடகிழக்கை எதிர்பார்த்திருக்க, கேரளம் தென்மேற்கை எதிர்பார்த்திருக்கிறது. குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமும் ஏறத்தாழ சம அளவில் மழை தருகின்றன. போதாக்குறைக்குச் சித்திரையில் கோடை மழையும் உண்டு.

இப்படி இரண்டு மழை பெறும் ஊரில் பஞ்சம் வராது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் நாஞ்சில் நாட்டு வேளாண்மையைக் காப்பாற்றி வந்ததில் மழையின் அளவைவிட அதன் தவணைக்கே பங்கு அதிகம். முதல் மழை எப்போது தொடங்கும், எப்போது ஓயும், அடுத்தது வருமுன் எத்தனை நாள் வெயில் கிடைக்கும் என்பதை வைத்துத்தான் விதைப்பும் நடவும் அறுப்பும் அமைந்தன. வெப்பமண்டல நாடுகளில் காலநிலை மாற்றம் முதலில் கைவைப்பது இந்தத் தவணையின் மேல்தான். ஆண்டு முடிவில் மழைமானிப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் தொகை சரியாகவே இருக்கும். வயலில் விளைச்சல் இருக்காது.

தென்மேற்கின் பயணம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். கோடையில் இந்தியத் துணைக்கண்டம் சூடேறும்போது, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசும் காற்று வடக்கே இழுக்கப்படுகிறது. கென்யா, சோமாலியா கரையோரமாக நிலநடுக்கோட்டைக் கடந்ததும், பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் வளைக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அது ஒரு வேகமான காற்றோடையாக அரபிக்கடலைக் கடந்து வருகிறது. 1960களில் இதை விரிவாக ஆராய்ந்த பிண்ட்லேட்டரின் பெயரால் அதைப் பிண்ட்லேட்டர் ஓடை என்றும் சொல்வதுண்டு. வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து, மழையாகிறது.

நாஞ்சில் நாடு இந்த ஓடையின் தென்விளிம்பில் இருக்கிறது. அதனால்தான் கோழிக்கோட்டில் கொட்டுகிற அளவுக்கு இங்கே இடவப்பாதி கொட்டுவதில்லை. மலையும் இங்கே முடிந்துபோகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காடுகளில் மழை பலமாக இருக்கும், நாகர்கோவிலில் மிதமாக இருக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காற்று மட்டும்தான் மிஞ்சும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவது ஈரத்தை மலையில் இறக்கி வைத்துவிட்டு வரும் அந்தத் தென்மேற்குக் காற்றேதான். ஐம்பது கிலோமீட்டருக்குள் ஈரக்காடும் வறண்ட பொட்டலும் இருக்கிற இந்த மண்ணில், காற்றோடை சற்றே நகர்ந்தாலும் அதன் விளைவு பெரிதாக இருக்கும்.

அது நகர்கிறது என்பதுதான் கவலை. பூமி சூடாகச் சூடாக இந்தக் காற்றோடை வடக்கு நோக்கி விலகுகிறது என்று சந்தீப், அஜயமோகன் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நிலப்பரப்பு கடலைவிட வேகமாகச் சூடாவதால் காற்றழுத்த வேறுபாடு இடம் மாறுகிறது. ஓடையும் அதன் பின்னே போகிறது. விலகினால் கொங்கணக் கரைக்கு மழை கூடலாம், மேற்குக் கரையின் தென்கோடிக்குக் குறையலாம். இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீட்டு அறிக்கை, 1951 முதல் 2015 வரையில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது என்றும், கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிகிறது என்றும் சொல்கிறது. கரியமில வாயு மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. தொழிற்சாலைப் புகையும் தூசும் சூரிய ஒளியைத் தடுத்து நிலத்தின் சூட்டைக் குறைத்ததும் அந்தக் காலத்தில் மழையைப் பலவீனப்படுத்தியது.

அதே அறிக்கை சொல்லும் இன்னொரு எண்ணைக் குமரிக்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. கடலைப் பொறுத்தவரை ஒரு டிகிரி என்பது சாதாரணம் இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். இது இயற்பியல் விதி, ஊருக்கு ஊர் மாறாது. ஆனால் உலகம் முழுவதற்குமான மொத்த மழை ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 விழுக்காடு வரைதான் கூடுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அண்டா பெரிதாகிவிட்டது, குழாயில் வரும் தண்ணீர் அந்த அளவுக்குக் கூடவில்லை. நிரம்ப நாளாகிறது, கவிழும்போது மொத்தமாகக் கவிழ்கிறது. மழை நாள்கள் குறைந்து, பெய்கிற நாளில் பேய்மழையாகப் பெய்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

மேகத்தின் உருவமே மாறிவருகிறது. இடவப்பாதி மழை என்றால், தாழ்ந்து பரந்த மேகத்திலிருந்து நாள் முழுக்க நசநசவென்று பெய்யும் மழை என்பதுதான் இந்தப் பக்கத்து அனுபவம். ஓடு வேய்ந்த வீட்டுத் திண்ணையில் துணி உலராமல் மூன்று நாள் கிடக்கும். மழை வலுக்காது, ஆனால் நிலம் அத்தனையையும் குடித்துவிடும். மேற்குக் கரையின் மழை இப்போது வேறு வகைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். மேகங்கள் செங்குத்தாக, பனித்துகள் உருவாகும் உயரம் வரை எழுகின்றன. அத்தகைய மேகம் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பத்து சென்டிமீட்டர் மழை ஐந்து நாளில் பெய்தால் கிணறு ஊறும், குளத்துக்குத் தெளிந்த நீர் வரும். அதே பத்து சென்டிமீட்டர் இரண்டு மணி நேரத்தில் பெய்தால் மேல்மண்ணோடு ஓடிப்போய்ப் பழையாற்றில் கலந்து மணக்குடிக் காயலில் முடியும். மழைமானிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மழைமானி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த வட்டாரம் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் அமைந்தது. அதன் பொறுப்பில் பின்னர் வந்த ஜான் ஆலன் பிரௌன் 1855-இல் அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு வானிலைக் கூடம் நிறுவினார். அந்தக் காட்டுப் பாதையில் கருவிகளைச் சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து நாம் நன்றி சொல்ல வேண்டும். நீண்ட காலப் பதிவு இருந்தால்தான் “முன்பெல்லாம் இப்படி இல்லை” என்ற பேச்சைச் சோதித்துப் பார்க்க முடியும்.

சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்பதற்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பது பழமொழி. 2023 டிசம்பர் 17 என்பது மார்கழி முதல் நாள். குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட மேலடுக்குச் சுழற்சியால் அன்று தொடங்கிய மழை, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். திருநெல்வேலியும் குமரியும் அதில் அடிபட்டன. பழமொழி பொய்த்துவிட்டது என்று எழுதுவது எளிது. ஆனால் 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலும் மார்கழியில்தான் வந்தது. அபூர்வமான மழை பழைய காலத்திலும் இருந்தது. இன்று மாறியிருப்பது, அத்தகைய நாள்கள் வருவதற்கான வாய்ப்பும், வந்தால் அவை தாங்கி வரும் நீரின் அளவும். ஒற்றை வெள்ளத்தைக் காட்டி இது காலநிலை மாற்றம் என்று சொல்வதை அறிவியலாளர்கள் தவிர்ப்பது இதனால்தான். சூடேறாத பூமியைக் கணினியில் உருவாக்கி, அதில் அதே மழை எவ்வளவு பெய்திருக்கும் என்று ஒப்பிடுகிறார்கள். 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான ஒருநாள் மழையை அப்படி ஆராய்ந்தபோது, காலநிலை மாற்றத்தால் அது சுமார் 10 விழுக்காடு கூடியிருந்தது என்று கண்டார்கள்.

இனி இரண்டு மழைக்கும் நடுவே உள்ள வெயில் இடைவெளிக்கு வருவோம். கன்னிப்பூ அறுப்பு ஆவணி, புரட்டாசியில். ஆவணியில் இடவப்பாதி தளர்ந்து நல்ல வெயில் அடிக்கும். அந்த வெயிலில் அறுத்து, அடித்து, நெல்லைக் காயவைத்து, வைக்கோலைப் படப்பில் ஏற்றி, வயலைத் தொளியடித்துக் கும்பப்பூவுக்கு நடவு முடித்தாக வேண்டும். நட்ட பயிர் வேர் பிடிக்கும் நேரத்தில் துலா மழை இறங்கினால் கணக்கு சரி. சில வாரங்களே கிடைக்கும் இந்த வெயிலில்தான் ஓராண்டு உழைப்பின் பலன் வீட்டுக்கு வந்தது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020-இல் பருவமழை நாள்காட்டியைத் திருத்தியது. கேரளத்தில் தொடங்கும் நாள் ஜூன் 1 என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் வடமேற்கு இந்தியாவிலிருந்து பருவமழை விலகத் தொடங்கும் நாள் செப்டம்பர் 1-லிருந்து 17-க்குத் தள்ளிப்போனது. நாடு முழுவதிலிருந்தும் விலகுவது அக்டோபர் 15. வடகிழக்கு தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. நடைமுறையில் இந்த ஐந்து நாளும் காணாமல் போகிற ஆண்டுகள் உண்டு. 2020-இல் அக்டோபர் 28, 2021-இல் அக்டோபர் 25, 2024-இல் அக்டோபர் 15 என மூன்று ஆண்டுகளிலும் தென்மேற்கு விலகிய அதே நாளில் வடகிழக்கு தொடங்கியதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பு முறைக்கும் இதில் பங்கு உண்டுதான். என்றாலும் ஒரு மழை ஓய்ந்து மறு மழை வரும்வரை களம் காயும் என்ற நம்பிக்கை இப்போது விவசாயியிடம் இல்லை.

நெல் பூக்கும் நேரத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு மழைத்தவணை ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். காலை வெயில் ஏறிய பின், பத்து மணி வாக்கில், கதிரில் உள்ள மணிகளின் உமி இரண்டாகப் பிளந்து வெளிறிய மஞ்சள் மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒவ்வொரு பூவும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே திறந்திருக்கும். மகரந்தம் சில நிமிடங்களில் உயிர்ப்பை இழந்துவிடும். அந்த நேரத்தில் பெருமழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போகும், உமி மூடிக்கொள்ளும், உள்ளே அரிசி இருக்காது. அறுக்கும்போதுதான் பதர் என்று தெரியும். அறுப்புக்கு நிற்கும் பயிர் சாய்ந்து இரண்டு மூன்று நாள் நீரில் கிடந்தால் மணி கதிரிலேயே முளைத்துவிடும். உழவர் செய்த செலவு எல்லாம் செய்து முடித்த பின் வருகிற இழப்பு இது.

2021-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழகத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மழை பெய்தது. கும்பப்பூ முற்றி நிற்கும் மாதம் அது. மே 26-இல் யாஸ் புயல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒடிசாவில் கரையைக் கடந்த வேளையில், இங்கே கன்னிப்பூ வேலை நடக்கும் பருவத்தில், கனமழையும் வெள்ளமும். நவம்பர் நடுவில் மறுபடியும் பெருமழை. இரணியல் பக்கம் ரயில் பாதையில் மண் சரிந்து திருவனந்தபுரம் தடத்தில் ரயில்கள் நின்றன, வயல்கள் ஏரியாயின. ஓராண்டை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் ஆண்டுத் தொகையை மட்டும் பார்ப்பவர் 2021-ஐ நல்ல மழை பெய்த ஆண்டு என்றுதான் எழுதுவார்.

நெல்லை விட்டவர்கள் ரப்பருக்குப் போனார்கள். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் பால்வெட்டு விடியுமுன் தொடங்கும். பட்டை நனைந்திருந்தால் வெட்டிய சாலில் பால் ஓடாமல் மரத்தில் வழிந்துவிடும். சிரட்டையில் விழுந்த பாலும் மழைநீரோடு கெட்டுப்போகும். வெட்டுக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு அன்று வருமானம் இல்லை. வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் ஒட்டி மழையைத் தடுக்கிறார்கள். அது இடவப்பாதிக்கு என்று செய்துகொண்ட ஏற்பாடு. எந்த மாதமும் மழை மாதம் ஆகிவிட்டால் அந்தச் செலவும் ஆண்டு முழுதும்தான்.

கடலோரத்துக்கு வந்த அடி எல்லாவற்றிலும் பெரிது. 2017 நவம்பர் 29-இல் குமரிக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்தது. ஒரே நாளில், 30-ஆம் தேதி காலைக்குள், அது ஒக்கிப் புயலாகிவிட்டது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அப்போது கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தார்கள். பலரிடம் கரையின் எச்சரிக்கை போய்ச்சேர வழியே இல்லை. ஆழ்கடல் சுறாவேட்டையில் பெயர்பெற்ற அந்தச் சிறு கடலோரத்தில் பல வீடுகளில் சாவு விழுந்தது. கரையில் வாழையும் ரப்பரும் லட்சக்கணக்கில் சாய்ந்தன. புயல் அவ்வளவு விரைவாக வலுக்கக் கடலின் சூடுதான் எரிபொருள். 1982–2000 காலத்தோடு ஒப்பிட்டால் 2001–2019 காலத்தில் அரபிக்கடல் புயல்கள் சுமார் 52 விழுக்காடு கூடியிருக்கின்றன என்று புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021-இல் கணக்கிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிழக்குக் கரைக்காரர்களின் பயமாக இருந்த புயல், இப்போது மேற்குக் கரைக்கும் உரியதாகிவிட்டது.

இரண்டு பருவமும் உள்ள நிலத்துக்கு இயற்கை தந்திருந்த ஒரு பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு பெரும்பாலும் தளரும். ஆனால் அதே எல் நினோ, தென்னிந்தியாவின் வடகிழக்குப் பருவமழையைப் பொதுவாகக் கூட்டும். கன்னிப்பூ பொய்த்தால் கும்பப்பூ கைகொடுக்கும். 2023 எல் நினோ ஆண்டு. அந்த ஆகஸ்ட் மாதம் 1901-க்குப் பின் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட், 36 விழுக்காடு குறைவு. பின்பு வந்த வடகிழக்கு, மேலே சொன்ன மார்கழி மழையாக வந்தது. ஈடுகட்டும் மழை வெள்ளமாக வந்தால் அதை ஈடு என்று சொல்ல முடியாது. 2016-இல் வடகிழக்கு மழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்துபோனதையும், அடுத்த ஆண்டே ஒக்கி வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

உலகின் வேறு மூலைகளிலும் இரண்டு மழை பெறும் நிலங்கள் இதே சங்கடத்தில் இருக்கின்றன. இலங்கையில் சிறுபோகமும் பெரும்போகமும் நம் கன்னிப்பூ, கும்பப்பூவின் உடன்பிறப்புகள்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெய்யும் நீண்ட மழை கடந்த சில பத்தாண்டுகளில் பலமுறை பொய்த்தது. ஆண்டுக் கடைசியில் வரும் குறுகிய மழையோ, 2019-இல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி மிதமிஞ்சிச் சூடானபோது, பெருவெள்ளமானது. நம் காற்றோடையும் அந்தக் கரையோரமாகத்தான் வருகிறது என்பதால் கென்யாவின் வானிலைச் செய்தி நமக்கு அந்நியச் செய்தி இல்லை.

இத்தனை மாற்றமும் கடைசியில் ஒரு மதகின் முன் வந்து நிற்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் ஆட்சியில், பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் கட்டப்பட்டு 1906-இல் நிறைவுற்றது பேச்சிப்பாறை அணை. அதன் உயரம் 48 அடி. நீர்மட்டம் 42 அடியைத் தொட்டால் வெள்ள அபாய எச்சரிக்கை. பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளையும் சேர்த்துக் கோதையாறு பாசனத்தில் சுமார் 79,000 ஏக்கர் கணக்கில் இருக்கிறது. ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை தண்ணீர் திறப்பது மரபு. அந்தத் தேதிகள் நிதானமாகப் பெய்த பழைய மழைக்கு வகுத்தவை. ஐப்பசியில் அணையை நிரப்பி வைத்தால், ஒரே இரவில் 20 சென்டிமீட்டர் பெய்யும்போது உபரிநீரைத் திறந்தே தீர வேண்டும். திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டு, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்கு விடுவார்கள். காலியாக வைத்திருந்து மழை ஏமாற்றினால், மாசியில் கடைவரம்பு வயல்களுக்கு நீர் போகாது. அணையில் நிற்கும் பொறியாளர் இரண்டில் எதைச் செய்தாலும் திட்டு நிச்சயம். குறை அவரிடம் இல்லை, கையிலிருக்கும் விதிப்புத்தகம் பழையது.

பருவமழை கேரளத்தைத் தொட்ட நாள் 2023-இல் ஜூன் 8, 2025-இல் மே 24. இரண்டுக்கும் நடுவே பதினைந்து நாள் வித்தியாசம். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த டிபிஎஸ் 5 போன்ற, நான்கு மாதத்துக்குள் முடியும் ரகங்கள் இருப்பதால் விவசாயி ஓரளவு நெகிழ முடிகிறது. மதகும் அவரோடு நெகிழ வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான மழைப்போக்கை வெளியிடுகிறது. மே மாத நடுவிலிருந்து அந்த அறிக்கையை அணை அதிகாரிகளும் வேளாண் அலுவலர்களும் பாசன சங்கத்தாரும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்து, தண்ணீர் திறக்கும் நாளை அந்தந்த ஆண்டுக்கு முடிவுசெய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில் 42 அடி என்ற ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு அளவு வைக்கலாம். உபரியாகத் திறக்கும் நீரைத் தோவாளைக் கால்வாயிலும் அனந்தனாற்றுக் கால்வாயிலும் முன்கூட்டியே விட்டுக் குளங்களில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் குளங்கள் தூர்வாரிக் கிடக்க வேண்டும், கால்வாய்க் கரைகள் உடையாமல் நிற்க வேண்டும். கோடை முடியுமுன் செய்து முடிக்க வேண்டிய வேலை அது.